மைக்கேல்ராஜின் தோளும் மாதா சப்பரமும்

என் வீட்டுக்காரர் பெயர் மைக்கேல்ராஜ். கல்யாணமான புதிதில் இந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. "இங்க பாருங்க" என்று கூப்பிட்டே பல வருஷம் ஓட்டிவிட்டேன். எழுதும்போது அந்த வசதி இல்லாததால் பெயரைப் போட்டுவிட்டேன். காரைக்காலில், தலத்தெருவை ஒட்டிய எங்கள் பக்கத்தில் மைக்கேல்ராஜ் வீடு எது என்று கேட்டால் யாரும் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். நெட்டை மைக்கேல் வீடு என்றால் உடனே கையைக் காட்டுவார்கள்.

ஆறடிக்கு மேலே இன்னும் மூன்று விரற்கடை அவர். நான் ஐந்தடிக்கு உள்ளேயே அடங்கிவிட்டவள். 1972இல் கல்யாணப் போட்டோ எடுத்த ஸ்டுடியோக்காரர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துப் பார்த்தார், உட்கார வைத்துப் பார்த்தார், பிறகு அவரை நாற்காலியில் உட்கார்த்தி என்னை மட்டும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அப்படியும் இரண்டு தலையும் ஒரே மட்டத்தில்தான் விழுந்திருக்கிறது. நெரவியிலிருந்து வந்த என் சித்தி, "மாப்ள பாக்கச் சொன்னா தென்னமரத்தப் பாத்து முடிச்சிருக்கீங்க" என்று என் அப்பாவிடம் பந்தியிலேயே சொன்னாள்.

காதர் பாட்சா என்பவருடைய ஜவுளிக்கடையில் அவருக்கு வேலை. மற்றக் கடைகளில் மேல் தட்டுப் புடவையை எடுக்க முக்காலி போடுவார்கள். இந்தக் கடையில் அவரைக் கூப்பிடுவார்கள். சம்பளம் சுமார்தான், மரியாதைக்குக் குறைவில்லை. மனிதர் தங்கம். ஆனால் எதைக் கேட்டாலும் ஒரு முடிவு அவர் வாயிலிருந்து வராது. மத்தி வாங்கவா, கெளுத்தி வாங்கவா என்று கேட்டால்கூட மேலே கூரையைப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பக்கத்துச் சின்னக் கோயில் லூர்து மாதா கோயில். பிப்ரவரியில் திருநாள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் திருநாளுக்கு முன்னால், கொடியேற்றத்தன்று, கோயில் பக்கச் சுவரோரம் ஆம்பளைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். சுவரில் காரையைக் கீறி ஒரு கோடு போட்டிருந்தது. தச்சர் செல்வநாதன் ஒவ்வொருவரையும் அந்தக் கோட்டோடு ஒட்டி நிற்க வைத்துத் தோளைப் பார்த்தார். எங்கள் கோயிலில் இதற்குத் தோள் பார்க்கிறது என்று பெயர். சப்பரத்துக்கு அடியில் இரண்டு நீள மரம் ஓடும், வாரை என்பார்கள். வாரைக்கு நான்கு பேராக எட்டுப் பேர் தூக்க வேண்டும். எட்டுத் தோளும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் மாதா நேராக நிற்பாள். கோட்டுக்குச் சரியாகத் தோள் வருகிறவனுக்குத்தான் இடம். பணக்காரன், ஏழை, சர்க்கார் உத்தியோகம், கூலி வேலை என்ற பேச்செல்லாம் அந்தச் சுவரோரம் எடுபடாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரரும் போய் நின்றார். அவர் தோள் கோட்டுக்கு மேலே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறி நின்றது. செல்வநாதன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீ கம்ப எடுத்துக்க மைக்கேலு" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். என் மாமியார் அந்தோணிமேரி மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் என்று மாமியாரிடம் கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

"இவனுக்கு மூணு வயசுல காலு நிக்கல டெய்சி. ஒத்த வயசுப் புள்ளைங்க தெருவுல ஓடுதுங்க, இது பாயிலயே கெடக்கு. பிரெஞ்சுக்காரன் இருந்த காலம். ஆஸ்பத்திரில டாக்டரு கைய விரிச்சிட்டாரு. தூக்கிக்கிட்டு நேரா கோயிலுக்குப் போனேன். மாதா காலடியில கெடத்திட்டு, இவன நிக்க வச்சிரு, நின்னான்னா ஒஞ்சப்பரத்துக்குத் தோளு குடுக்க வைக்கிறேன்னு நேந்துக்கிட்டேன்."

"அப்பறம்?"

"நின்னுட்டான். நிக்க வைன்னுதான் கேட்டேன். இம்மாம் ஒசரத்துக்கு நான் கேக்கலையே டெய்சி!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கேட்டதற்கு மேலேயே மாதா அள்ளிக் கொடுத்துவிட்டாள். கொடுத்த அந்த உயரமே நேர்த்திக்கடனைக் கட்டவிடாமல் குறுக்கே நிற்கிறது. இதில் யார்மேல் குறை சொல்வது?

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் கெஞ்சிக் கூத்தாடி அவருக்கு வாரையில் இடம் வாங்கிக் கொடுத்தாராம் மாமியார். இவர் முழங்காலை மடக்கிக்கொண்டே நடந்திருக்கிறார். தெருமுனை திரும்புவதற்குள் கால் நடுங்கி, சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மாதா கிரீடத்திலிருந்த பூச்சரம் நழுவி விழுந்துவிட்டது. மாதாவைச் சாய்த்தவன் என்ற பெயர் வந்ததுதான் மிச்சம். அதன்பிறகு அவர் கையில் கவைக்கம்பைக் கொடுத்துவிட்டார்கள். நுனி கவையாகப் பிரிந்த நீள மூங்கில் அது. எங்கள் தெருவில் கரண்டுக் கம்பத்திலிருந்து வீடுகளுக்குப் போகும் கம்பிகள் கைக்கு எட்டுகிற மாதிரித் தொங்கும். சப்பரம் வரும்போது ஒவ்வொரு கம்பியையும் அந்தக் கவையால் தாங்கி மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர் உயரத்துக்கு அந்த வேலை கச்சிதம். அவர் கம்பு பிடித்த காலத்தில் ஒரு கம்பிகூட மாதாமேல் உரசியதில்லை.

மாமியாருக்கு அது கணக்கிலேயே இல்லை. தோள் கொடுக்கிறேன் என்றுதானே நேர்ந்தார்? எங்கள் மகள் சலோமிக்கு அம்மை போட்டபோது, "கடன் நிக்கிதுல்ல" என்றார். ஆடு செத்தபோதும் அதையேதான் சொன்னார். புயலில் கூரை போன வருஷம் ஊரில் பாதிப் பேருக்குக் கூரை போயிருந்தது. அதற்கும் எங்கள் நேர்த்திக்கடன்தான் காரணம் என்றால் மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டேன். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதற்கிடையில் எங்கள் கோயிலுக்குப் புதுப் பங்குச்சாமியாக ஒரு பாதிரியார் வந்தார். சின்ன வயசு, சுறுசுறுப்பு. வந்த மாசமே பிரசங்கத்தில் கோயில் என்பது கட்டடமில்லை, எல்லோரும் சேர்ந்த ஒரே உடம்பு என்றார். ஆளுக்கு ஒரு வரம் கடவுள் கொடுத்திருக்கிறார், அதைக் கொண்டுவந்து பொதுவில் வையுங்கள், ஒருவர் வேலையை ஒருவர் பிடுங்காதீர்கள் என்றார். எனக்குத் தொண்டை சரியில்லை, பாடகர் குழுவுக்கு உதவாது. துணி வெளுக்க நன்றாக வரும். பீடத்துணி துவைக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இவரைப் பார்த்துச் சாமி, "ஒங்களுக்கு ஒசரமே வரம் மைக்கேல்ராஜ். அந்தக் கம்புதான் ஒங்க ஊழியம்" என்றார்.

என் மாமியார் பூசை முடிந்ததும் நேரே சாமியிடம் போய் நின்றார்.

"தோளும் அந்த ஒடம்புலதான சாமி இருக்கு?"

"இருக்கும்மா. ஆனா எல்லாரும் தோளாவே இருந்தா யாரு கையா இருக்கறது?"

"எல்லாரும் தோளா இருக்க வேணாம் சாமி. எம்புள்ள ஒரு நாளைக்கி இருந்துட்டுப் போறான்."

சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேர்த்திக்கடனை மாற்றித் தர தமக்கு அதிகாரம் இருக்கிறது, கம்பு பிடித்ததையே தோள் கொடுத்ததாக மாதா ஏற்றுக்கொள்வாள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். "அவ ஏத்துக்கிட்டான்னு ஒங்ககிட்ட சொன்னாளா சாமி?" என்று மாமியார் கேட்டார். காதர் பாட்சா பாய் தன் பங்குக்கு, "நிய்யத்து, மனசுல உள்ள எண்ணம், சுத்தமா இருந்தா ஆண்டவன் அப்பவே ஏத்துக்கிடுவான் மைக்கேலு, ஒங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். செல்வநாதன் கோட்டைத் தாண்டிப் பேசவே மாட்டார். அவரவர் சொல்வதைக் கேட்கும்போது அவரவர் சொல்வதே சரியாகப் பட்டது. வீட்டுக்கு வந்து மாமியார் முகத்தைப் பார்த்தால் எல்லாம் தப்பாகப் பட்டது. எனக்கே தலை சுற்றும்போது, நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் என்ன செய்வார்? "ஒங்களுக்கு என்னாதான் தோணுது?" என்று ஒரு நாள் அதட்டியே கேட்டேன். "கம்பு புடிக்கும்போது நல்லாத்தான் இருக்கு. எறக்கி வச்சதும் அம்மாவப் பாக்க முடியல" என்றார். அவர் அவ்வளவு பேசியதே அதிசயம்.

1982இல் அவருக்கு முழங்கால் வலி கண்டது. கடையில் நாள் முழுக்க நிற்கிற மனிதர், நாற்பதை நெருங்குகிற வயசு, வலிக்காதா? மாமியார் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடுத்த கால அவ திருப்பி எடுத்துக்கப் போறா டெய்சி. நான் போறதுக்குள்ள கட்டியாவணும். இல்லாட்டி எம்புள்ள பழையபடி பாயில கெடப்பான்."

அன்றைக்கு நான் அவரைக் கிண்டல் செய்யவில்லை. அந்தப் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு மாமியார் கடைக்குப் போய்க் காதர் பாட்சா பாயிடம் வெட்டுத்துணிகளைக் கேட்டு மூட்டை மூட்டையாக வாங்கி வந்தார். ராப்பகலாகத் தைத்தார். என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. 1983 கொடியேற்றத்தன்று, தோள் பார்க்கிற நேரத்தில், மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்ச் செல்வநாதன் காலடியில் அவிழ்த்தார். ஏழு மெத்தைகள். கல் மாதிரி இறுக அடைத்து, தோளில் கட்ட நாடா வைத்துத் தைத்தது. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரம்.

"எம்புள்ள குனிஞ்சு பாத்துட்டான், ஆவல. நீங்க ஏழு பேரும் கொஞ்சம் ஒசருங்க தம்பி" என்றார்.

யாரோ சிரித்தார்கள். செல்வநாதன் சிரிக்கவில்லை. ஒரு மெத்தையை எடுத்துத் தன் தோளில் வைத்தார், சுவரோரம் போய் நின்றார், என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டார். இரண்டும் ஒரே மட்டம். "சரிக்கா" என்றார். அவ்வளவு வருஷம் கோட்டைக் காட்டியே பேசிய மனிதர், இன்னொரு வார்த்தை சொல்லாமல் ஒத்துக்கொண்டார். சாமி கை தட்டினார். ஒரே உடம்பு என்றால் இதுதான் என்று அந்த வார ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமே மெத்தையைப் பற்றித்தான். எங்கள் எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் ஒரு சின்ன விஷயம் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

திருநாளன்று விளக்கு வைக்கிற நேரத்தில் சப்பரம் கிளம்பியது. ஏழு பேர் தோளில் மெத்தை, ஒருவர் வெறும் தோள். என் வீட்டுக்காரர் இடது வாரையில் முன்னால் நிமிர்ந்து நடந்தார். முதல்முறையாக நிமிர்ந்து. மாமியார் செபமாலையை உருட்டிக்கொண்டு கூடவே வந்தார், கண் மகன் தோளைவிட்டு அகலவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கவைக்கம்பை உத்திராபதி பிடித்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், பூசைக்கு வருகிறவரில்லை, ஆனால் எங்கள் திருநாளுக்குத் தோரணம் கட்டுவதிலிருந்து எல்லா வேலைக்கும் முதல் ஆளாக நிற்பார்.

மூன்றாவது வீடு வந்தது. அங்கேதான் முதல் கம்பி வந்தது.

எட்டுத் தோளும் ஒரு சாண் உயர்ந்தால் மாதாவும் ஒரு சாண் உயர்வாள் என்பதுதான் யாருக்கும் தோன்றாத அந்தச் சின்ன விஷயம். உத்திராபதி குதிகாலைத் தூக்கிக் கம்பை நீட்டினார். கம்பு என் வீட்டுக்காரர் கைக்கு அளவாக வெட்டியது. கம்பி கொஞ்சம் எழும்பி நழுவி மாதா கிரீடத்தின் முனையில் போய் மாட்டிக்கொண்டது. அதைக் கவனிக்காமல் பின்னால் தூக்கியவர்கள் இரண்டு எட்டு தள்ளிவிட்டார்கள். கம்பி விறைத்தது. கம்பத்தில் படபடவென்று பொறி பறந்தது. தெரு விளக்கு அணைந்து எரிந்தது.

"நில்லு! நில்லு!" என்று செல்வநாதன் கத்தினார்.

"கீழ எறக்குங்க!" என்றார் சாமி.

"எறக்குனா கம்பி அந்து மாதா மேலயே விழுவும் சாமி!" என்றார் செல்வநாதன்.

பின்னால் போகலாமென்றால் கூட்டம் நெருக்குகிறது. ஒருவன் ஏணி என்கிறான், ஒருவன் கரண்ட் ஆபீசுக்கு ஆள் அனுப்பு என்கிறான். பாடகர் குழுவுக்கு நிறுத்துவதா பாடுவதா என்று தெரியவில்லை, பாதி பேர் பாடினார்கள். உத்திராபதி கம்பை வைத்துக்கொண்டு எகிறி எகிறிக் குதித்தார். மாதாவைச் சுற்றிக் கட்டியிருந்த ஜிகினா முழுக்கக் கம்பிக்குப் பக்கத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. தொட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கம்பியை எடுக்கக்கூடிய ஆள் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆளைப் பார்த்து வாரையை விடு என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை.

என் வீட்டுக்காரர் மேலே கம்பியைப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"அம்மா?" என்றார். அவ்வளவுதான்.

மாமியார் மகன் தோளைப் பார்த்தார். வாரை அதில் சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. கோயில் வாசலிலிருந்து மூன்று வீட்டுத் தூரம்தான் வந்திருந்தோம். அந்த நேரத்தில் அவர் மனசுக்குள் என்ன ஓடியதோ எனக்குத் தெரியாது. எனக்கு ஓடியதெல்லாம், சொல்லிவிடாதீர்கள் அத்தை, இன்னும் நாலு வீடு போகட்டும் என்பதுதான்.

"என்னாத்தடா பாக்குற?" என்று மாமியார் கத்தினார். "போயி கம்பிய எடு! அவளுக்கு ஒண்ணு ஆயிட்டுதுன்னா நான் யாரு காலுலடா போயி விழுவேன்?"

உத்திராபதி கம்பை இவர் கையில் திணித்துவிட்டு வாரைக்கு அடியில் புகுந்து இரண்டு உள்ளங்கையாலும் தாங்கினார். என் வீட்டுக்காரர் எட்டிக் கையை நீட்டி, கவையைக் கம்பிக்கு அடியில் கொடுத்து, கிரீடத்தைவிட்டு மெல்ல எடுத்துத் தூக்கிப் பிடித்தார். கிரீடம் அசையக்கூட இல்லை. சப்பரத்தை முட்டுக்கட்டையில் இறக்கினார்கள். ஏழு பேரும் மெத்தையை அவிழ்த்தார்கள். அவிழ்த்தவற்றையெல்லாம் மாமியாரே ஒவ்வொன்றாக வாங்கி என் கையில் அடுக்கினார். உத்திராபதியின் தோள் பழைய மட்டத்துக்குச் சரியாக இருந்தது. அவருக்கு ஞானஸ்நானம் ஆனதா என்று அந்தத் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. சாமியும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு செபத்தை ஆரம்பித்துவிட்டார். மாதா தெரு முழுக்கச் சுற்றி வந்தாள். இவர் முன்னால் கம்போடு நடந்தார்.

கடன் தீர்ந்ததா இல்லையா என்று பிறகு ஊரில் பெரிய விவாதமே நடந்தது. ஒரு எட்டு வைத்தாலே போதும் என்றார் சாமி. பாதியில் விட்டது எப்படிச் சேரும் என்றார்கள் சிலர். அடுத்த வருஷம் கம்பை நீளமாக வெட்டி மறுபடியும் பார்க்கலாம் என்றார் செல்வநாதன். இவரிடம் கேட்டேன், கூரையைப் பார்த்தார். மாமியாரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் மாமியாரின் திருநாள் புடவையைத் துவைக்க எடுத்தேன். முந்தானையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் கல் உப்பும் மிளகும். நேர்த்திக்கடன் தீரும்போது சப்பரத்தின்மேல் வீச எடுத்துப் போவார்கள். மகன் தோள் கொடுத்து முடித்ததும் வீசலாமென்று கட்டி வைத்திருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. கோயிலில் கொண்டுபோய் வைப்பதா, அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்பதா? கொல்லையில் மாமியார் மகன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே போய்க் கையை விரித்துக் காட்டினேன்.

"இத என்னா பண்றது அத்தை?"

மாமியார் அதைப் பார்த்தார். பிறகு மகன் காலைத் தட்டி, "எந்திரிடா" என்றார். இவர் துணி காயும் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வலியில் முகம் சுளித்தாலும் நேராகத்தான் நின்றார். மாமியார் கீழிருந்து மேலே வரை அண்ணாந்து பார்த்தார்.

"கொழம்புல போடு" என்றார்.

"மாதாவுக்கு வச்சதாச்சே?"

"அவதான் வாங்கிக்கலையே. நிக்கிறவன் திங்கட்டும், போ."

அன்றைக்கு மீன் குழம்பில் மிளகு கூடிப்போய்விட்டது. பெரியவர்கள் மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகென்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டோம்.